நடுநிரைக்காரி

கண் மருத்துவ உதவியாளர்களாக இம்மலையில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். எழுத்துப் பலகையை எவ்வளவு தூரத்தில் மாட்ட வேண்டும், சொட்டு மருந்து விட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகவே படித்து வந்திருப்பீர்கள். அவற்றை நான் சொல்லப்போவதில்லை. நாம் எழுதும் சொற்களைப் பற்றி மட்டும் சிறிது சொல்ல விரும்புகிறேன். அதுவும் என் கையால் நேர்ந்த ஒரு பிழையைக் கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்குள்ள மக்கள் தங்கள் கண்ணைப் பற்றிப் பேசும்போது நம் பாடநூல் மொழியில் பேச மாட்டார்கள். மாலைக்கண் என்பார்கள், வெள்ளெழுத்து என்பார்கள், கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். எமரால்டு ஊர்ப் பக்கம் கேரட் பயிரிடும் பெரியவர் ஒருவர் மாசி மாதத்தில், வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருந்த ஒரு முற்பகலில் என் முன் வந்து அமர்ந்தார். "இந்த வருசம் மிஸ்ட் எறங்குனது எறங்குனபடியே நிக்குதுங்களே. இப்படி இருந்தா வெள்ளாமை என்னாகறது?" என்று கவலைப்பட்டார். இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அறுவைக்குப் பின் கட்டை அவிழ்த்ததும் சன்னல் வழியே வெளியே பார்த்தவர், "போயிடுச்சுங்க" என்றார். அவர் சொன்னது மிஸ்டை, மூடுபனியைத்தான். அதை எடுத்தது நாங்கள் என்பதைக் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அத்தகையவர்களின் சொல்லைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளப் பழகியிருந்த நான், என் சொல்லைப் பற்றி ஒருநாளும் ஐயப்பட்டதில்லை. என் பிழை தொடங்கிய இடம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பதிகம் ஓதி முடிக்காமல் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே செவி வழியாக என்னுள் இறங்கிய பாடல்கள் அவை. அப்பாடல்களில் குருடு என்றால் அறியாமை. ஒளி என்றால் அருள். இறைவனைக் கண்ணே என்று அழைத்துப் பழகிய நாவுக்கு, கண் போய்விட்டது என்றாலே எல்லாம் போய்விட்டது என்ற பொருள்தான் தோன்றும். அப்படிப்பட்டவரைக் கண்டால் உடனே கைதூக்கி விட வேண்டும் என்ற பதைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பதைப்பைக் கருணை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

குன்னூருக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல அங்கே உள்ளன. குழந்தைகள் காப்பகத்தை அவர்கள் பிள்ளைக்காம்பரா என்பார்கள். எங்களுக்கு அந்த அறையைத்தான் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர் அனைவரும் கட்டாயம் வர வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. வரிசையின் கடைசியில் வந்தவர் பாக்கியம். வயது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. கொழுந்து பறிப்பவர். கணவர் இல்லை, பிளஸ் டூ படிக்கும் மகள் மட்டும்.

"சாளேசரக் கண்ணாடி ஒண்ணு குடுத்தா போதும்மா. ஊசி கோக்க முடியல" என்றார்.

எழுத்துப் பலகையில் கடைசி வரிக்கு முந்திய வரிவரை தடங்கலின்றிப் படித்தார். கண்ணாடியை எடுக்க எழுந்த நான், பக்கவாட்டில் என் கையை நீட்டியதை அவர் கவனிக்கவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. காதருகிலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். ஏறக்குறைய மூக்கின் நேருக்கு வந்த பிறகே, "கை" என்றார். விழித்திரை ஓரத்திலிருந்து சிறுகச் சிறுக அழிந்துகொண்டே வரும் நோய் அது. இளமையில் மாலைக்கண்ணாகத் தொடங்கியிருக்கும். இப்போது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு குழாயின் வழியே பார்ப்பது போன்ற சிறு வட்டம். அரசு வகுத்த விதிப்படி, பார்வையின் பரப்பு அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டால், எழுத்தை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அவர் பார்வையற்றவர் என்றே கணக்கு.

அன்று மாலை மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஜீப் ஓட்டுநர் இரண்டு முறை ஒலியெழுப்பிவிட்டார். தோட்ட அலுவலக எழுத்தர் வாசலில் நின்றுகொண்டு, "லிஸ்ட் மேடம், லிஸ்ட்" என்றார். வந்தவர்களின் பெயரும், எதிரே ஒரு குறிப்பும். நாற்காலியில்கூட உட்காராமல் எழுதினேன். பாக்கியத்தின் பெயருக்கு எதிரே குறைப்பார்வை என்று எழுதலாம், மேல்பரிசோதனைக்கு உரியவர் என்றும் எழுதலாம். கனமான சொல்லை எழுதினால்தான் தோட்டம் விரைந்து உதவும் என்று எண்ணினேன். பார்வையற்றவர் என்று எழுதி, அடியில் கோடும் இட்டேன். அந்த அம்மாள் அப்போது நான்கடி தூரத்தில், புதுக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி நின்றிருந்தார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, புறநோயாளிகள் வரிசை அடங்கிய நேரத்தில் இரண்டு பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். ஒருவர் பாக்கியம். மற்றவர் பறிப்பு வேலையை மேற்பார்வையிடும் சரோஜா. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர்.

"ஏனுங்க மேடம், அன்னைக்கு உங்க கையில இருந்தது பேனாங்களா, கவ்வாத்துக் கத்திங்களா?" என்றார் சரோஜா.

தேயிலைச் செடியைக் கழித்து வெட்டும் கத்தியை ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"பேரை வெட்டிட்டாங்க. கவ்வாத்துப் பண்ணுன செடியாவது மறுபடி துளுக்கும். வெட்டுன பேரு துளுக்குமுங்களா?"

தோட்டத்தில் காலைதோறும் பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்து வேலை பிரிப்பார்கள். அந்தப் பேரேட்டிலிருந்து நீக்குவதைத்தான் பெயர் வெட்டுதல் என்கிறார்கள். வேலையோடு அது நிற்பதில்லை. தோட்டம் குடியிருக்கத் தரும் லயத்து வீடு பேரேட்டில் உள்ளவருக்கே உரியது. வீட்டில் வேறு யாரும் தோட்டத்து வேலையில் இல்லாவிட்டால் காலி செய்துவிட வேண்டும். பாக்கியத்துக்கு அந்த மாத முடிவுவரை தவணை கொடுத்திருந்தார்கள். மகளுக்குத் தேர்வு அதற்கும் அடுத்த மாதம்.

"அவ வாய விடுங்கம்மா. கோவத்துல பேசுறா" என்றார் பாக்கியம்.

"கோவம் வராம? இருவது வருசமா இவ ஒரு நாள் கான்ல விழுந்ததில்லீங்க. நீங்க எழுதுன அன்னைக்குத்தான் விழுந்தா."

கான் என்பது செடிகளுக்கு இடையே மழைநீருக்காக வெட்டிய வடிகால். நான் பாக்கியத்தைப் பார்த்து, "உங்களுக்குப் பக்கத்தில் தெரிவதில்லை என்பது முன்பே தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்கண்ணு எனக்குத் தெரியாமலாம்மா? மலையில எல்லாருக்கும் தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அது என்னைப் பற்றிய செய்தியாகிவிடும், விட்டுவிடுகிறேன். எங்கள் மருத்துவமனைக்கு அப்போது மாற்றலாகி வந்திருந்த கண் மருத்துவர் என் மகனைவிட இளையவர். மறுநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதியதை அடித்துத் திருத்திவிடலாமா என்று கேட்டேன்.

"அடிக்காதீங்கம்மா. நீங்க எழுதினது பொய் இல்ல. பாதி. மீதியையும் போய் எழுதிட்டு வாங்க" என்றார்.

மீதி என்ன என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நான் கேட்டுக்கொண்டதன் பேரில், பேரேட்டில் பெயர் இல்லாமலே அரை நாள் பறித்துக் காட்டப் பாக்கியம் வந்தார். பறிப்பவர்கள் நிரை நிரையாகப் பிரிந்து செடிகளுக்குள் ஏறினார்கள். கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டும் மலைகளுக்கு, அதாவது தேயிலைச் சரிவுகளுக்கு, பாக்கியத்தைச் சரோஜா ஒருபோதும் அனுப்பியதில்லையாம். கையால் பறிக்கும் மலைக்கு மட்டுமே. நிரையின் ஓரத்திலும் நிறுத்துவதில்லை. வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி, நடுவே பாக்கியம். பக்கத்திலிருந்த இருவரும் ஒரு கல்யாண வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே பறித்தார்கள்.

"மாப்பிள்ள ஊட்டுல பிரியாணியாம்."

"ஆட்டுக்கறியா?"

"ஆடுன்னுதான் சொன்னாங்க. கான். ஆனா எலும்பப் பாத்தா எனக்கு நம்பிக்கையில்ல."

"நீ நாலு தட்டு தின்னுட்டுத்தான் எலும்பப் பாத்திருப்ப. கல்லு."

கான் என்ற சொல் விழுந்ததும் பாக்கியம் காலை அகலமாக எட்டி வைத்தார். கல் என்றதும் இடப்புறம் ஒதுங்கினார். விரல்கள் செடியின் மேற்பரப்பில் ஓடிக்கொண்டேயிருந்தன. முற்றிய இலையைத் தொட்டதும் விலகி, தளிரைத் தொட்டதும் ஒடித்தன. பேச்சும் நிற்கவில்லை, பறிப்பும் நிற்கவில்லை. அந்த இரு சொற்களும் பாக்கியத்துக்காகச் சொல்லப்படுகின்றன என்று சொன்னவர்களும் காட்டிக்கொள்ளவில்லை, கேட்டவரும் காட்டிக்கொள்ளவில்லை.

"பாக்கியத்தை இங்கே எப்படிக் குறிப்பிடுவீர்கள்?" என்று சரோஜாவைக் கேட்டேன். பாக்கியம் என்ற பெயரிலேயே இன்னும் இருவர் அந்தத் தோட்டத்தில் இருந்தார்கள்.

"நடுநிரைக்காரிம்போமுங்க."

அவ்வளவுதான். தினமும் உடன் நின்றவர்கள் அவருடைய கண்ணுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. அவர் நிற்கும் இடத்துக்குத்தான் பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கிருந்து மேலாளர் அறைக்குப் போனேன். அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். என் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் இட்ட கோடு அதில் நன்றாகத் தெரிந்தது.

"நீங்க எழுதிக் கொடுத்ததை வெச்சுத்தான் நான் ஆக்‌ஷன் எடுத்தேன் மேடம். பார்வையில்லாத ஒருத்தரை எஸ்டேட் சரிவுல நிறுத்தினா, நாளைக்குக் காட்டுமாடு முட்டினா, யாரைக் கேப்பாங்க?"

காட்டுமாடு என்பது அங்கே வெறும் பேச்சில்லை. செடிகளுக்குள் படுத்திருந்து திடீரென எழும். அவர் அஞ்சியதில் தவறில்லை.

பிறகு அவரே குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யுங்க. பார்வை நல்லா இருக்கு, முதல்ல எழுதினது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே பேர் போட்டுடறேன்."

பேனாவைத் திறந்துவிட்டேன். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரே வரி; ஒரு வீடு, ஒரு பெண்ணின் தேர்வு. என் பிழை இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வரியை எழுதினால் பாக்கியத்தை எந்த மலைக்கும் அனுப்பலாம், கத்தரி கொடுக்கலாம், இருட்டும்வரை கொழுந்து எடைக்கு நிறுத்தலாம். விழுந்தால் குற்றம் அவருடையதாகும். நாளை அரசின் உதவியை அவர் நாடினாலும் அந்த வரி குறுக்கே நிற்கும்.

அந்த நேரத்தில்தான், முகாம் நாளன்று செய்யத் தவறியதைச் செய்தேன். வெளியே நின்றிருந்த பாக்கியத்தை உள்ளே அழைத்து, மேலாளர் கேட்பதை அப்படியே சொல்லி, "நான் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் மேசைமேல் இருந்த பட்டியலை நோக்கிக் கையை நீட்டினார். "நல்லா தெரியும்னு எழுதாதீங்கம்மா. தெரியாதுன்னும் எழுதாதீங்க. எப்ப தெரியும், எங்க தெரியும்னு எழுத எடம் இருக்கா அந்தத் தாள்ல?"

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"எழுதுங்க. காலையில வெயில் ஏறுனதுல இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நேரா இருக்கிறது தெரியும். பக்கத்துல இருக்கிறது தெரியாது. மிஸ்ட் இறங்கிட்டா தெரியாது. கையால பறிக்கத் தெரியும். கத்தரி வேணாம். நடுநிரையில நிக்கணும்."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். மேலாளர் குறுக்கிட்டார். "அதெல்லாம் சரிம்மா. காட்டுமாடு வந்தா?"

"காட்டுமாடு வந்தா கண்ணு தெரிஞ்சவங்க மட்டும் என்ன தொரை, அதுகூடக் கட்டியா பொரளுவாங்க? ஓடத்தான் செய்வாங்க. அவங்க போடுற சத்தத்தப் புடிச்சிக்கிட்டே நானும் ஓடுவேன்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தண்ணீர் குடித்தார். "நாலு மணிக்கு மேல அங்க இருக்கக் கூடாதுன்னும் எழுதுங்க" என்றார். எழுதினேன். நோயின் பெயரை அடியில் ஒரு வரியில் குறித்துக் கையொப்பமிட்டேன். மருத்துவரின் கையொப்பத்தையும் பெற்று மறுநாளே அனுப்பிவைத்தேன். பெயரைத் திரும்பப் போடுவதாகவோ மறுப்பதாகவோ மேலாளர் எதுவும் சொல்லவில்லை.

ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் விடியலில் நான் பதிகத்தின் நடுவில் இருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஓதும்போது நான் எதற்கும் எழுந்ததில்லை. அன்று எழுந்தேன். அழைத்தவர் சரோஜா; கைப்பேசியைப் பெரட்டுக்களத்தை நோக்கிப் பிடித்திருந்தார் போலும். யாரோ வரிசையாகப் பெயர் வாசிக்கும் ஓசை கேட்டது. ஒரு பெயர், ஒரு பதில். ஒரு பெயர், ஒரு பதில். பிறகு, "பாக்கியம்."

"இருக்கேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் திரும்பிப் போய் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடினேன். குருடு என்ற சொல் வரும் பாடல்தான் அது. ஆயிரம் முறை ஓதியிருக்கிறேன். அதைப் பாடிய பெரியவர் தம் நெஞ்சைத்தான் குருடு என்று சொல்லிக்கொண்டார், எதிரே நின்ற ஒருவரின் கண்ணைச் சொல்லவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் ஒருவருடைய கண்ணைப் பற்றி நான் எழுதிய எந்தத் தாளையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டாமல் பிறர் கையில் கொடுத்ததில்லை. ஓட்டுநர் எத்தனை முறை ஒலியெழுப்பினாலும் சரி. உங்களிடம் நான் வேண்டுவதும் இது ஒன்றே. முழுதாக அரை நிமிடம்கூட ஆகாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், பாக்கியம் மகளின் தோளைப் பிடித்தபடி வந்தார். மகள் செவிலியர் படிப்பை முடித்து வெலிங்டனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கேயே வாடகைக்கு வீடும் பிடித்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து பாக்கியம் தாமாகவே விலகிக்கொண்டாராம். உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மடிப்புகளில் கிழிந்து, நடுவில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

"படிங்கம்மா" என்றார்.

படித்தேன். வெயில் ஏறியதிலிருந்து மாலை நான்கு மணிவரை நேரே இருப்பது தெரியும் என்பதில் தொடங்கி, நடுநிரையில் நிற்க வேண்டும் என்பது வரை.

"இதெல்லாம் முடிஞ்சுதும்மா. நாலு மணிக்கு முன்னாடியும் இப்ப நாலு மணிக்குப் பின்னாடி மாதிரிதான். புதுசா எழுதிக் குடுங்க. சர்டிபிகேட் வாங்கணும்."

நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அவர் நான் தயங்குவதைப் புரிந்துகொண்டார்.

"அந்தச் சொல்லையே எழுதுங்க. அன்னைக்கு நான் கேக்கல. இன்னைக்கு நான் கேக்குறேன்."

எழுதினேன். கோடிடவில்லை. பெயர், வயது, முகவரி, அதன் எதிரே அந்தச் சொல். பிறகு தாளை என் கையிலேயே வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

"சரியா இருக்கு" என்று சொல்லிக் கையை நீட்டினார்.